ஓட்டை போடாத டின்

சந்திரமதி மலாக்காவின் காஜா பெராங்கிற்குக் குடிவந்தது 1956இல். அதற்கு முன் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கே அவசரகாலச் சட்டம் கடுமையாக இருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். டின் சாமானைப் பதுக்க முடியாதபடி கடைக்காரரே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது வேலி வாசலில் கையைத் தூக்கி நிற்க, காக்கிச் சட்டைப் போலீஸ்காரர்கள் உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு நாள் அவள் அண்ணன் மருதமுத்துவின் சட்டைப் பையில் ஒரு பிடி அரிசி அகப்பட்டது. பசித்தால் மெல்லலாமென்று எடுத்தேன் என்றான். அவள் கண் முன்னாலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

கணவன் நடராஜனுக்கு மலாக்காவில் வேலை கிடைத்ததும் இருவரும் புறப்பட்டு வந்துவிட்டார்கள். வந்த மாதமே தெருமுனையில் கணேசமூர்த்தி புதிதாகச் சாமான் கடை திறந்தார்.

"மலாக்காவுல அந்தச் சட்டமெல்லாம் எடுத்து மூணு வருசமாச்சு. பயப்படாம போய் வாங்கிட்டு வா," என்றான் நடராஜன்.

இரண்டு முறை கடை வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை உள்ளே நுழைந்தாள். அரிசி மூட்டைகள் வாய் திறந்து கிடந்தன. காவலுக்கு ஆளில்லை.

"வாங்கக்கா, அரிசி எவ்வளவு வேணும்?"

"எவ்வளவு குடுப்பீங்க?"

"நீங்க கேக்குற அளவுதான்."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இப்படிக் கேட்டுப் பிடித்துக்கொடுப்பார்களோ? நான்கு காத்தி, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி, ஒரு சார்டின் மீன் டின் என்று மெல்லச் சொன்னாள். டின் முழுசாக அவள் கைக்கு வந்தது.

"ஓட்ட போட்டுக் குடுங்கண்ணே."

"ஓட்ட போட்டா மீனு கெட்டுப் போயிருமேக்கா!" என்று கடைக்காரர் சிரித்தார்.

"உங்க கால்ல விழுறேன், போட்டுருங்க."

அவர் சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு மலாய்க்காரப் போலீஸ் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சந்திரமதியின் கையிலிருந்த பை நழுவியது. அரிசி தரையெல்லாம் சிதறியது. அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

போலீஸ்காரர் திகைத்துப்போனார். ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல, வாங்க வந்த தீப்பெட்டியைக்கூடக் கேட்காமல் வெளியே போனார்.

கணேசமூர்த்தியின் மனைவி பாக்கியலட்சுமி ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். அவை குளிர்ந்திருந்தன. "ஒன்னுமில்லம்மா, அவரு போயிட்டாரு." கணேசமூர்த்தி ஓர் ஆணியைத் தேடி எடுத்து, டின்னில் ஓட்டை போட்டார்.

"இன்னிக்கே சமைச்சிருங்கக்கா," என்றார்.

அதன்பிறகு நான்கு மாதம் நடராஜன்தான் சாமான் வாங்கினான். பாக்கியலட்சுமி வீடு தேடி வந்து கூப்பிட்ட பிறகே அவள் மறுபடி அந்தப் பக்கம் போனாள். அடுத்த வருடம் அங்கேயே மிளகாய் ஆய்ந்து, பருப்பு புடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடம் வேலை பார்த்தாள். காக்கிச் சட்டை யார் வந்தாலும், தபால்காரரே ஆனாலும், எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள். அவர் போகும்வரை கணேசமூர்த்தி அவளைக் கூப்பிடமாட்டார்.