கடைசி ஆளின் கை

நான் பொய் சொல்கிறவள்தான். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாக வியன்னாவைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறேன். கிணற்றில் குடியிருந்த சேவல்முகப் பாம்பைக் கண்ணாடி காட்டிக் கொன்ற கதையை வாய் கூசாமல் தினமும் சொல்கிறேன். ஆனால் இது அந்த ரகம் இல்லை. இது எனக்கு நடந்தது. போன ஜனவரி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றரைக்கும் ஐந்தேகாலுக்கும் நடுவில்.

அன்று வந்தவர்கள் கிராட்ஸ் ஊரின் ஓய்வுபெற்ற தபால்காரர்கள், பதினான்கு பேர். பெரிய கிறிஸ்தவக் கோவில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கோட்டிலும் நெஞ்சுப் பக்கம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினேன். இந்த ஊரில் மஞ்சள் ஒட்டும் வழிகாட்டி நான் ஒருத்திதான்.

என் தொழில் முறை ஒன்று உண்டு. நான் தலை எண்ண மாட்டேன். எண்ணினால் ஆட்டு மந்தை ஓட்டுகிற மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக ஒருவரைக் ‘கடைசி ஆள்’ என்று வைத்துவிடுவேன். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் அவர் வந்து சேர்ந்ததும் கை தூக்குவார். கை தெரிந்தால் எல்லோரும் வந்தாயிற்று, நான் பேச ஆரம்பிக்கலாம். சில நாள் சுற்று முடியும்போது ஒன்றிரண்டு பேர் குறைவார்கள். “கேக் சாப்பிட நழுவிட்டாங்க” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அன்றைக்குக் கடைசி ஆள் பெப்பி. அறுபத்தொன்பது வயது, கையுறை போடாத வெறுங்கை, வாயாடி.

“வியன்னாக்காரங்க யாருக்கும் கை கொடுக்க மாட்டீங்க. எங்களை மட்டும் கை தூக்கச் சொல்றீங்களே மேடம்.”

“தூக்கலைன்னா விட்டுட்டுப் போயிடுவேன்.”

“அதுவும் சரிதான். நானே கடைசியா வர்றேன். இவங்க என் அக்கா வால்லி. கைத்தடி வச்சு மெதுவா நடப்பாங்க. சர்க்கரை சட்டுனு இறங்கிடும். மிட்டாய், போன் எல்லாம் இந்தப் பையிலதான் இருக்கு” என்று தோளில் கிடந்த பெண்கள் பையைத் தட்டிக் காட்டினார்.

“தம்பி வாய மூடினா எனக்குச் சர்க்கரை தானா ஏறிடும்” என்றார் வால்லி அம்மா. எழுபத்தெட்டு வயது. எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

3.38. கோவில் வாசல். பின்வரிசையில் குளிரில் சிவந்த ஒரு வெறுங்கை உயர்ந்தது. பேசினேன்.

3.52. கோவிலின் பின்பக்கம். கை உயர்ந்தது. வெள்ளைக் கையுறை போட்டிருந்தது. பெப்பி யாரிடமோ கடன் வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு பழைய வீடு. பெயர் சொல்ல மாட்டேன், இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு சந்தில் நுழைந்து இரண்டு முற்றங்களைக் கடந்தால் அடுத்த சந்துக்கு வந்துவிடலாம். நாலரைக்கு இரண்டு பக்கக் கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும்.

4.12. இரண்டாவது முற்றம். இருட்டத் தொடங்கியிருந்தது. கை உயர்ந்தது. நான் வாயைத் திறந்தேன்...

டக்... டக்...

முற்றங்களை இணைக்கும் நடைபாதைக்குள் கைத்தடிச் சத்தம். யாரோ இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் கை ஏன் உயர்ந்தது? அந்த நொடியில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். குளிர் எலும்பைத் தின்றது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று பேசிக்கொண்டே போனேன். இதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

4.27. வெளிச் சந்து. வெள்ளைக் கை உயர்ந்தது. பேசி முடிக்கும்போது பின்னால் கதவு ‘கடக்’ என்று பூட்டிக்கொண்டது.

4.38. சேவல்முகப் பாம்பின் வீடு. கை உயர்ந்தது. “ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் வருஷம்...” என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் வறுத்த கஷ்கொட்டை வாசனை வந்தது. திரும்பினேன்.

பெப்பி. முதல் வரிசையில். வெறுங்கையால் கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?”

“உங்க ஆளுதான் முன்னாடி போகச் சொன்னாரு. கோவில் வாசல்லயே. ‘கடைசியா நான் வர்றேன், அக்காவ நான் கூட்டிட்டு வர்றேன்’னாரு.”

“எந்த ஆளு?”

“வெள்ளைக் கையுறை போட்டவரு.”

“எனக்கு ஆளே கிடையாது.”

பெப்பியின் கையிலிருந்து கஷ்கொட்டை விழுந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தலை எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. வால்லி அம்மா இல்லை. அவருடைய பை பெப்பியின் தோளில் இருந்தது.

கூட்டத்தின் பின்னால் அந்தக் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன்.

அங்கே சுவர்தான் இருந்தது.

அந்தப் பழைய வீட்டை நோக்கி ஓடினோம். நானும் பெப்பியும். மைனஸ் ஏழு டிகிரி. பனிக்கட்டியில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன்.

4.46. முதலில் நுழைந்த சந்துப் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. எல்லா வீட்டு மணியையும் அழுத்தினேன்.

“சுற்றுலாவா? போங்க” என்றது ஒரு குரல்.

“வயசானவங்க ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டாங்க. தயவுசெஞ்சு திறங்க.”

பெப்பி கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார். “அக்கா... அக்கா...”

4.51. யாரோ வீட்டிலிருந்தபடியே பொத்தானை அழுத்த, கதவு திறந்தது.

இருட்டு.

டக்... டக்...

கைத்தடிச் சத்தம் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

முதல் முற்றம். யாரும் இல்லை.

இரண்டாவது முற்றம். படிக்கட்டில் வால்லி அம்மா உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. கைத்தடி அவர் காலடியில் கிடந்தது.

அப்படியானால் நடந்தது யார்?

வால்லி அம்மாவின் வலது கை மேலே உயர்ந்திருந்தது.

பெப்பி மிட்டாயை அவர் வாயில் திணித்தார். நான் கையைக் கீழே இழுத்தேன்.

வரவில்லை.

இருவரும் சேர்ந்து இழுத்தோம்.

வரவில்லை. மேலேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

5.00. கோவில் மணி அடித்தது.

கை தொப்பென்று விழுந்தது.

5.12க்கு ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்னார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெப்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. வால்லி அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் முகம் எப்படி இருந்துச்சும்மா?”

“பாக்கவே இல்ல கண்ணு. எப்பவும் எனக்குப் பின்னாடியே நின்னான். ‘நான் போறேன், இனி நீங்கதான் கடைசி, கைய இறக்காதீங்க’ன்னு சொன்னான்.”

“நான் தேடி வருவேன்னு சொல்லலையா நீங்க?”

“சொன்னேன். சிரிச்சான். ‘அவ எண்ணவே மாட்டா, இருபத்திரண்டு வருஷமாப் பாக்குறேன்’னான்.”

அன்று இரவு நான் தூங்கவில்லை. இத்தனை வருடமாக எத்தனை கைகள் உயர்ந்திருக்கும்... அவற்றில் எத்தனை என் விருந்தாளிகளுடையவை...

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டைப் பெருக்குகிற அம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டத்தான். கதவின் உள்பக்கம், நெஞ்சு உயரத்தில், ஒரு இடத்தைக் காட்டினார்.

“உங்காளுங்களுக்கு அறிவே கிடையாதா? ஸ்டிக்கர இங்கதான் ஒட்டணுமா? வருஷா வருஷம் சுரண்டி எடுக்குறேன். கதவுல நெஞ்ச வச்சு அழுத்தி அழுத்தி ஒட்டின மாதிரி ஒட்டியிருக்கு, லேசுல வர்றதில்ல.”

ஜாம் பாட்டில் ஒன்றை என் கையில் வைத்தார். என்னிடம் காட்டுவதற்காகவே சேர்த்து வைத்திருந்தாராம்.

மஞ்சள். எல்லாம் மஞ்சள். சில வெளுத்துப் போயிருந்தன.

வீட்டுக்கு வந்து மேஜையில் கொட்டி எண்ணினேன். முப்பத்தொன்று.

அத்தனை பேரும் கேக் சாப்பிட நழுவிவிட்டதாகத்தான் நான் சொல்லியிருந்தேன்.