உக்கடம் குளத்தின் கடிக்காத பூச்சி

மகள் மயிலாத்தாள் மலேரியாக் காய்ச்சலில் இறந்தபோது சுப்பண்ணனுக்கு வயது முப்பத்து மூன்று. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. உக்கடம் குளத்தை ஒட்டிய அந்த வாடகை வீட்டை, காற்றோட்டமாக இருக்கிறதென்று பிடித்தவர் அவர்தான்.

காரியம் முடிந்த மறுநாள் மனைவி தெய்வாத்தாள் துணிகளை மூட்டை கட்டினாள்.

"அந்தியானா கொளத்துல இருந்து பொகையாட்டம் எந்திரிக்குதே, அந்தப் பூச்சிதானுங்க எம்புள்ளையக் கொன்னுபோட்டுது. இந்த ஊடு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னனுங்க. நீங்க கேக்கல."

காங்கேயத்துக்குப் பக்கம் இருந்த தகப்பன் தோட்டத்துக்குப் போனவள் திரும்பவில்லை.

அதுவரை அந்தப் பூச்சியை அவர் உற்றுப் பார்த்ததில்லை. அன்று அந்தியில் விளக்கடியில் உட்கார்ந்த ஒன்றைப் பிடித்தார். கொசு மாதிரியே இருந்தது. ஆனால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. இது கடிக்குமா, எங்கே பிறக்கிறது? சும்மா பதில் சொன்னால் தெய்வா நம்பமாட்டாள். கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தார்.

குளத்துச் சேற்றில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. ஒரு சட்டி நிறைய அள்ளிவந்து வலை கட்டி வைத்தார். சில வாரங்களில் பூச்சிகள் வந்தன. பச்சையாகச் சில, கறுப்பாகச் சில. சேற்றில் உரித்துப்போட்ட தோல்கள் கிடந்தன. எந்தத் தோல் எந்தப் பூச்சியுடையது என்று சொல்ல வழியே இல்லை. அத்தனை பாடும் வீண்.

பக்கத்து வீட்டில் குடியிருந்த மருந்துக்கடைக் கம்பவுண்டர் யாகூப்தான் அவரோடு பேசுகிற ஒரே ஆள்.

"ஒண்ணா வளத்தா அப்பிடித்தான் பாய்," என்றார் சுப்பண்ணன். "ஒரு புழுவுக்கு ஒரு சீசா வேணுமுங்க."

"ஒவ்வொண்ணும் தனியாவா? பாவம்."

"தனியா இருந்தாத்தான் அது யாருன்னு தெரியும்."

யாகூப் காலி மருந்துச் சீசாக்களைக் கழுவிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சேறு, குளத்துத் தண்ணீர், ஒரு புழு. வாய்க்கு மெல்லிய துணி. தெய்வா மசாலா டப்பாக்கள் வைத்திருந்த பலகையில் அவை வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் செத்தன. மிச்சம் சேற்றால் குழல் கட்டிக்கொண்டு உள்ளே கிடந்தன. வளர்ந்த புழு கூட்டுப்புழுவாகும். தலையருகே வெள்ளை நூல்குஞ்சம் தெரியும். பிறகு மேலே மிதந்துவரும், முதுகு வெடிக்கும், தன் தோல்மேலேயே நின்று பூச்சி இறக்கையை உலர்த்தும். ஒருமுறை அதை முழுசாகப் பார்த்துவிட்டு, "அம்மணி, இங்க வா" என்று ஆளில்லாத சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டுவிட்டார்.

விடுமுறை நாட்களில் கல்லூரி நுண்ணோக்கி அவருக்குக் கிடைத்தது. புழுவின் தலைத்தோல், கூட்டுப்புழுவின் தோல், பூச்சி மூன்றையும் ஒரே கண்ணாடித் தகட்டில் பதித்தார். சிவப்புப் புழுக்கள் ஒரே ஜாதி இல்லை, இரண்டு. வாய்ப்பல்லின் அமைப்பு வேறு. ஒன்று பச்சைப் பூச்சியாகும், மற்றது கறுப்பாகும். இரண்டுக்குமே கடிக்கிற ஊசி கிடையாது. கொசுவுக்கு உள்ளதுபோல இறக்கையில் செதிலும் இல்லை.

பேராசிரியர் அரங்கசாமி ஆண்பூச்சியின் வால்நுனியை அச்சுப் படங்களோடு ஒப்பிட்டு, பச்சைப் பூச்சிக்கு உரிய பெயரைச் சொன்னார். "இதோட புழு இன்னதுன்னு இந்தப் புத்தகத்துல இல்ல சுப்பண்ணா. நல்லா செஞ்சிருக்கே," என்றவர், பேச்சுவாக்கில் சேர்த்துச் சொன்னார்: "நம்ம ஊர்ல மலேரியாக் கொசு இந்தச் சேத்துக்கு வராது. கிணறு, தண்ணித்தொட்டி, அந்த மாதிரித் தெளிஞ்ச தண்ணிதான் அதுக்கு."

அடுத்த விடுமுறைக்கே சுப்பண்ணன் காங்கேயத்துக்குப் பஸ் ஏறினார்.

தெய்வாத்தாள் கிளுவை வேலியோரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"கடிக்காதுங்களா?"

"அதுக்கு ஊசியே இல்ல அம்மணி. ரெண்டு மூணு நாள் பறக்கும், செத்துப்போயிரும்."

"அப்ப எதுங்க கடிச்சுது?"

பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. கொல்லையில் குளிக்கிற தொட்டி. தினமும் காலையில் அதை நிரப்புகிறவள் அவள்தான்; தேய்க்காமல்கூட விடுவாள், நிரப்பாமல் விடமாட்டாள். பாப்பா கை விட்டு அளைந்து விளையாட, அடி தெரிகிற தண்ணீர். குளத்தைக் காப்பாற்றினால் தொட்டியைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

"தெரியல," என்றார்.

"தெரியாதத சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள். "வாரேன்" என்றார். "செரிங்க" என்றாள், வழியனுப்ப வேலிப்படல்வரை வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையால் தொட்டியை உடைத்தார். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த யாகூப்பிடம், "விரிசல் உட்டுப்போச்சுங்க பாய்" என்றார்.

தெய்வாத்தாள் கடைசிவரை அந்தப் பூச்சியைத்தான் திட்டினாள் என்று தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். சுப்பண்ணன் மறுத்துப் பேசியதில்லை. அந்த வீட்டையும் அவர் காலி செய்யவில்லை.