மொட்டையடித்த செம்பனைகள்

உச்சியில் ஒரு கைப்பிடிப் பச்சை மட்டும் மிஞ்ச, வரிசை வரிசையாக நின்ற அந்தச் செம்பனைகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. எண்பதுகளில், மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். குலை அறுப்பதும் மட்டை கழிப்பதும் ஆட்களை வேலைவாங்கும் மண்டோரின் பொறுப்பு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். காய்ந்த மட்டையைத் தவிர வேறெதிலும் ஆட்களைக் கை வைக்க விடமாட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையாளர்கள் வரப்போவதாகச் சேதி வந்தது. மறுநாள் காலை, ஆள் எண்ணும் இடத்துக்கே சின்ன துரை வந்துவிட்டார். உதவி நிர்வாகியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். கீழ்மட்டைகளையெல்லாம் வெட்டித் தோட்டத்தைப் பளிச்சென்று வைக்கச் சொன்னார். பெயர்ப் புத்தகத்தோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“குலைக்கு அடியில ரெண்டு மட்டையாவது நிக்கணும் தொர. பச்சைய வெட்டுனா மரத்துக்குச் சாப்பாடு ஏது? அப்புறம் ஆம்பளப் பூவாத்தான் தள்ளும். குலையும் சிறுத்துப் போயிரும்” என்றார் மண்டோர்.

“சொன்னதச் செய்லா.”

செய்தார்கள். வந்தவர்கள் தோட்டத்தின் சுத்தத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு மண்டோர் சொன்னதுதான் நடந்தது. மரமெங்கும் காய்க்காத ஆண் பூக்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த குலைகளும் ஒற்றைக் கையால் தூக்கிவிடும் அளவில் இருந்தன.

நிர்வாகியான பெரிய துரை விசாரித்தார். மண்டோர் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிட்டதாகச் சின்ன துரை கூசாமல் சொன்னார்.

“கிராணி அங்கதான் நின்னாரு. அவரக் கேளுங்க தொர” என்றார் மண்டோர்.

எனக்கு அப்போது புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. என் வேலை நிரந்தரமாவது சின்ன துரையின் ஒரு வார்த்தையில் இருந்தது.

“சரியா ஞாபகம் இல்லீங்க தொர” என்றேன்.

மண்டோர் கோபப்படவில்லை. தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்த வாரமே வேலை போயிற்று, தோட்டம் தந்திருந்த லயத்து வீடும் போயிற்று. அவர் மனைவி சட்டிபானைகளை லோரியில் ஏற்றியதை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டார். பள்ளிக்கூடமொன்றில் காவலாளியாக இருப்பதாகச் சொன்னார்.

“அந்த மரமெல்லாம் தேறிடுச்சா கிராணி?”

“தேறிடுச்சு. ரெண்டு வருசமாச்சு.” என்றேன். “எனக்கு அன்னிக்கே ஞாபகம் இருந்துச்சு மண்டோரே.”

“தெரியும்.” நான் ஏற வேண்டிய கிள்ளான் பஸ் வந்து நின்றது. “எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? எம் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவ சொல்லிருங்க. கிராணியே இல்லேன்னுட்டாரேன்னு, இன்னும் என்னத்தான் சந்தேகப்படுறா. இந்த ஊரு மார்க்கெட்டுக்குப் பின்னால, பச்சக் கதவு போட்ட வீடு.”

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன். வேண்டியதை வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே திரும்பிவிடுவேன்.