வெர்லீனின் வரிசை

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற கறுப்பினப் பெண்மணி வெர்லீன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் ஆளாய்ப் போய் உட்காருகிறவர். வெள்ளைப் பிள்ளைகளே நிறைந்த அந்தக் கூடத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் கறுப்புப் பிள்ளைகள் மற்ற வரிசைகள் காலியாகக் கிடந்தாலும் அவர் முன்னால்தான் வந்து நிற்பார்கள். "யார் வீட்டுப் புள்ள நீ? எந்தச் சபைக்குப் போற?" என்று விசாரித்துவிட்டு, அங்கிப் பையிலிருந்து மிளகாய் சாஸ் புட்டியை எடுத்து நீட்டுவார். உப்பு உறைப்பில்லாத அந்தச் சமையலில் அது ஒன்றுதான் வீட்டு ருசி.

நாட்ரா என்ற பெண் சேர்ந்த புதிதில் தட்டைப் பிடித்தபடியே அழுதாள். வகுப்பில் குழு பிரிக்கும்போது ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லையாம். நூலகத்தில் அவளிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார்களாம். அன்று முதல் அவள் வெர்லீனின் பிள்ளை.

இந்த இலையுதிர் காலத்தில் கறுப்பு மாணவர்களுக்கென்று ஓர் அறை திறந்தார்கள். பொறுப்பாளர் யோலாந்த், படித்த இளம்பெண். மெத்தை நாற்காலி, பாட்டு, பீட்சா. வெர்லீனின் வரிசை மெலிந்துபோயிற்று. போகிற வழியில் சன்னலில் எட்டிப் பார்த்தால், உள்ளே நாட்ரா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகைக்கு நான், சிரிப்புக்கு அந்தப் படித்தவளா என்று வெர்லீனுக்கு வயிறு எரிந்தது. இந்தப் பொறாமையை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று முழங்காலில் நின்றார். எழுந்ததும் முதல் நினைப்பு அந்த மெத்தை நாற்காலிதான்.

பிள்ளைகள் யார் கைக்குப் பழகினவர்கள் என்று காட்டிவிட, ஒரு வெண்ணெய் கேக் சுட்டு அந்த அறைக்கே கொண்டுபோனார். துணுக்குகூட மிஞ்சவில்லை. யோலாந்தும் விரலை நக்கிக்கொண்டே பக்குவம் கேட்டாள். வெர்லீன் சிரித்த முகமாகச் சொல்லிக்கொடுத்தார், கேக்கை மெத்தென்று ஆக்கும் புளித்த கிரீமை மட்டும் விட்டுவிட்டு.

அடுத்த வாரம் நாட்ரா வரிசையில் வந்து நின்றாள்.

"அத்தை, யோலாந்த் அக்கா உங்க கேக்கச் சுட்டாங்க. செங்கல்லுதான் போங்க."

வெர்லீனுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. "அப்புறம் என்ன, குப்பைக்கா?"

"இல்ல, பால்ல முக்கி முக்கித் தின்னு தீத்துட்டோம். எங்களுக்காகத்தானே சுட்டாங்க. பாவம் அத்தை, அவங்க ஆபீஸ்ல நம்மாளு அவங்க ஒருத்தருதான். மத்தியானம் தனியாத்தான் சாப்பிடுறாங்க."

வெர்லீனின் கரண்டி அப்படியே நின்றது. பிறகு புட்டியை எடுத்து நாட்ராவின் தட்டில் உதறினார், கொஞ்சம் பலமாகவே.

"கேக்குல ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அவகிட்டச் சொல்லு. என்னன்னு உன்கிட்டச் சொல்ல மாட்டேன். அவளையே இங்க வரச் சொல்லு. எல்லாரையும் மாதிரி வரிசையில நிக்கட்டும்."