ஹார்லனின் பச்சை நோட்டு

ஹார்லன் டெட்ரிக் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். ஓய்வு பெற்றபின், மாதத்தில் ஒரு சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் நடக்கும் துப்பாக்கிச் சந்தையில் மேசை போட்டு, தன் பழைய துப்பாக்கிகளை விற்றுக்கொண்டிருந்தான். எங்கள் ஓஹாயோவில் தனியாள் தனியாளுக்கு விற்றால் தாள் எதுவும் வேண்டாம். காசைக் கொடு, கையைக் குலுக்கு, நடையைக் கட்டு.

இவன் மட்டும் ஒரு பச்சை நோட்டை வைத்துக்கொண்டு எல்லோர் உயிரையும் வாங்குவான். துப்பாக்கியின் எண், வாங்குகிறவன் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறான் என்பது வரை எழுதிவிட்டுத்தான் கையில் கொடுப்பான். பாதிப் பேர் முறைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். நானே அவனை கவர்மென்ட் குமாஸ்தா என்று கேலி செய்திருக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியும். ஒருமுறை வண்டி நிறுத்துமிடத்தில் முகம் தெரியாத ஒருவனுக்கு ரிவால்வர் ஒன்றை விற்றான். இரண்டு வருடம் கழித்து போலீசிடமிருந்து போன். பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணை யாரோ அந்த ரிவால்வரால் சுட்டிருந்தார்கள். எண்ணை வைத்துத் தொழிற்சாலையைக் கேட்டார்கள்; தொழிற்சாலை கடையைக் காட்டியது; கடைப் பதிவேடு ஹார்லனைக் காட்டியது. வாங்கியவன் யார் என்று கேட்டதற்கு, சிவப்புத் தொப்பிக்காரன் என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடிந்தது. இங்கே பாதிப் பேர் தலையில் சிவப்புத் தொப்பிதான்.

"தடம் என்கிட்ட வந்து நின்னுபோச்சு மெர்ல்" என்று என்னிடம் அடிக்கடி சொல்வான். பச்சை நோட்டு அதற்குப் பிறகு வந்ததுதான்.

மார்ச் மாதம் என் மனைவி நெல்டா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை. மறைப்பானேன், ஏப்ரல் சந்தைக்கு நான் போனது சாவதற்கு ஒரு ரிவால்வர் வாங்கத்தான். வீட்டில் மான் வேட்டைக்கான துப்பாக்கி இருந்தது. ஆனால் அது நெல்டா வாங்கித் தந்தது. இந்தக் காரியத்துக்கு அதைத் தொட மனம் வரவில்லை.

ஹார்லன் மேசையிலேயே ஒன்றை எடுத்தேன். அவன் எண்ணை எழுதினான், என் பெயரை எழுதினான், எதற்கு என்று கேட்டான். கோழியை நரி தூக்கிக்கொண்டு போகிறது என்றேன்.

"உன்கிட்ட ஏதுடா கோழி?"

அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த நம்பரைக் கேட்டு எனக்கு ஒரு போன் வரும்டா. உன் பேரை நான் சொல்லணும். என்னால ஆகாது மெர்ல்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் வேலையைப் பார், இங்கே வேறு மேசையே இல்லையா என்று கத்தினேன். அவன் பதினோரு மணிக்கே கடையைக் கட்டிவிட்டு, என் வண்டியில் வந்து ஏறிக்கொண்டான்.

என் வீட்டுச் சமையலறையில் சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தான். நாற்பது வருடச் சிநேகிதன் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அழுது ஓய்ந்ததும், மான் துப்பாக்கி கொஞ்ச நாள் தன் பெட்டகத்தில் இருக்கட்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

அதையும் நோட்டில் ஏற்றினான். எண், உரியவன் பெயர், கடைசியில் திருப்பித் தரும் நாள்: நவம்பர், மான் வேட்டை தொடங்கும் நாள். அதற்கு இன்னும் ஏழு மாதம் கிடந்தது.

அதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"நீ வந்து வாங்கிக்கணும்ல? கையெழுத்துப் போடுறா."

போட்டேன்.