அண்ணனின் இரண்டாவது கடிதம்

அந்தக் கோடை விடுமுறையில் அண்ணனை ஆளாக்கிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். பட்டாளத்தில் சேர விரும்பும் பிள்ளைகளுக்காகப் பொன்முடி அடிவாரத்தில் ஓர் அகாடமி மூன்று வார முகாம் நடத்தியது. போன உடனே மொட்டை. விடியுமுன் ஓட்டம், கயிறு ஏற்றம், சாயங்காலம் பரேடு. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதலாம். பதினைந்து வயது அண்ணனுக்குப் பட்டாளத்தில் சேர விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு இருந்தது, அது போதுமென்று இருந்துவிட்டோம்.

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வினோதம் உண்டு. அம்மா திருநெல்வேலிக்காரி, தமிழ் மட்டும்தான் வாசிப்பாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த எங்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆகவே அண்ணன் மலையாளத்தில் எழுதுவான். பதினோரு வயதான நான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். அப்பாவோ, பையன் சிணுங்குவதையெல்லாம் நான் வாசிக்கமாட்டேன் என்று அந்தப் பக்கமே வரவில்லை.

முதல் கடிதத்தில், ஓடும்போது வாந்தி எடுத்ததாகவும், பிந்தியதற்காக மைதானத்தை முட்டிபோட்டுச் சுற்றிவரச் செய்ததாகவும் எழுதியிருந்தான். அப்படியே சொன்னேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். இனிமேல் நல்லதை மட்டும் சொல் என்றார்.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். பூட்ஸ் கடித்த புண் பழுத்துக் கால் வீங்கிவிட்டது, சொன்னால் நடிக்கிறேன் என்கிறார்கள், அம்மா உடனே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று இருந்தது.

"என்னட்டி எழுதியிருக்கான்?" என்றாள் அம்மா.

நல்ல சாப்பாடு, நல்ல கூட்டாளிகள், பரேடில் முதல் வரிசையில் நிற்கிறானாம் என்று அளந்துவிட்டேன். அப்பா சொன்னதற்காக மட்டுமில்லை. அண்ணன் வந்துவிட்டால் அவனுடைய சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வெட்கக்கேடு, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா மறுபடியும் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அகாடமியிலிருந்து போன் வந்தது. அண்ணன் காய்ச்சலில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மறுநாள் அவன் இடதுகாலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் அப்பா பக்கமோ என் பக்கமோ திரும்பவே இல்லை, அம்மாவை மட்டும் பார்த்தான்.

"அம்மா, என் கடுதாசி கிட்டிச்சா?"

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வராம என்னல? மூணு மட்டம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்."

அண்ணன் கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலிக்கிறது போல என்று அம்மா நர்ஸைக் கூப்பிட ஓடினாள். கட்டிலைப் பிடித்தபடி நின்ற நான், கடிதத்தைப் பற்றி அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையே, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.