எட்டடி ஷெட்டும் மடக்கு மேசையும்

1968ஆம் ஆண்டு செப்டம்பர் 30, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். செங்கல்பட்டில் மழை பிடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசியதால் சாரல் சாய்வாக விழுந்து, ஷெட்டின் வாசலிலிருந்து உள்ளே இரண்டரை அடி வரை தரை நனைந்திருந்தது. அன்று ஆயுத பூஜை. எனக்குப் பதினோரு வயது. மில்காரரின் கார் அன்றைக்கு வராது என்று சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டது.

ஷெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் ஒரு பஸ் கம்பெனியில் பதினான்கு வருஷம் பிட்டராக இருந்தவர். கம்பெனி கைமாறியபோது புதிய முதலாளி தன் ஆட்களைக் கொண்டுவந்தார். நைனா ஒரு தகரப் பெட்டி நிறையக் கருவிகளோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடு ஒற்றை அறை. அதில் ஐந்து பேர் படுப்போம். ஒரு பம்ப்செட்டைப் பிரித்துப் போட அங்கே இடம் கிடையாது. நான்கு மாதம் சும்மா இருந்த பிறகு, அரிசி மில் முதலாளி தன் கார் ஷெட்டைப் பகலில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். கார் காலை எட்டரைக்கு மில்லுக்குப் போகும், மாலை ஆறுக்குத் திரும்பும். இடையில் உள்ள ஒன்பதரை மணி நேரம் ஷெட் நைனாவுடையது. வாடகை இல்லை. காரின் சின்னச் சின்ன வேலைகளை நைனா பார்த்துக்கொடுத்தால் போதும். ஆனால் ஆறு மணிக்குத் தரையில் ஒரு ஸ்குரூ கூடக் கிடக்கக் கூடாது. கார் எப்போதும் போல உள்ளே நிற்க வேண்டும்.

ஷெட் பதினாறடி நீளம், எட்டடி அகலம். கார் பதினான்கடி இரண்டு அங்குலம் நீளம், ஐந்தரை அடி அகலம். டிரைவர் கதவைத் திறந்து இறங்க வலப்பக்கம் ஒன்றே முக்கால் அடி விட்டாக வேண்டும். ஆக இடது சுவரில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது அங்குலம். முன்னால் ஒன்றே முக்கால் அடிக்குச் சற்று மேல். மேலே ஓட்டுக்கும் காருக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம். இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

நைனா இந்த ஒன்பது அங்குலத்தைப் பத்து நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு பலகை வாங்கி மூன்று கீல் போட்டு இடது சுவரில் பொருத்தினார். அதற்கு இரண்டு கால்கள், அவற்றுக்கும் கீல். தூக்கி நிறுத்தினால் வேலை மேசை. கால்களை மடக்கி இறக்கிவிட்டால் சுவரோடு ஒட்டி நான்கு அங்குலம்தான் துருத்தும். மடங்காதது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்றுதான். அதை ஒரு மரக்கட்டையில் முடுக்கி, காரின் மூக்குக்கு முன்னால் மூலையில் வைத்தார். இரும்புக் குழாய்கள் குறுக்குச் சட்டத்தின் மேல் ஏறின. ஸ்குரூக்களும் நட்டுகளும் பால்பவுடர் டப்பாக்களில் போய் உட்கார்ந்தன. மேசைக்கு மேலே சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கரியால் வரைந்தார். எந்த ஸ்பேனர் வீடு திரும்பவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். மொத்தம் அறுபத்து நான்கு உருவங்கள். தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு அவற்றை எண்ணுவது என் வேலை. அளப்பதும் என் வேலைதான். நைனாவின் மரஸ்கேலை வைத்து அந்த ஷெட்டுக்குள் நான் அளக்காத இடம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

பத்து மாதம் இப்படி நடந்தது. படாளத்திலிருந்து கூடப் பம்ப்செட்டுகள் வரத் தொடங்கின.

காரின் டிரைவரும் படாளத்துக்காரர்தான். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் இவர். இவருக்கு முன்பிருந்த டிரைவர் மட்கார்டில் ஒரு கீறல் போட்டதற்காக அன்றே அனுப்பப்பட்டவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காரை நிறுத்திய பிறகு நான்கு பக்கமும் ஒருமுறை சுற்றி வந்து பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

ஆயுத பூஜைக்கு முதலாளி குடும்பத்தோடு மாமல்லபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. ஆகவே நைனா முதன்முறையாக மாலையில் மேசையை விரித்து வைத்தார். அறுபத்து நான்கு கருவிகளும் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அதன்மேல் வரிசையாகக் கிடந்தன. ஓரத்தில் என் கணக்குப் புத்தகமும் மரஸ்கேலும், ஏற்றிவைத்த குத்துவிளக்கும். அம்மா பொரிகடலையும் சுண்டலும் கொடுத்தனுப்பியிருந்தாள். வாசலின் இரு தூண்களிலும் வாழைக்கன்று. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. நைனா அதிகம் கோயிலுக்குப் போகிறவர் அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பஸ் கம்பெனியில் இருந்தபோது முதலாளிக்கே வளைந்து கொடுத்ததில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. டிரைவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"அண்ணாத்த! இன்னா இது, கட பரப்பிகினு கீற? வண்டி உள்ள வரணும்."

"நாளிக்கித்தான் வருவேன்னு சொன்னியே தம்பி?"

"மாமல்லபுரத்துல ஊத்து ஊத்துன்னு ஊத்துது. திருக்கழுக்குன்றத்தாண்ட ரோட்டு மேல தண்ணி. வூட்டம்மா பயந்துகினாங்க. எல்லாரையும் வூட்ல எறக்கிட்டு வரேன். பலகைய மடக்கு."

"பூஜ போட்டாச்சி. காலைலதான் எடுக்கணும்."

"அப்ப வண்டிய என் தலமேலயா தூக்கி வெச்சிக்கறது?"

"கித்தான் தரேன். போத்தி வெளிய நிறுத்து."

"கண்ணாடி ரப்பரு போயி ஒழுவுது அண்ணாத்த. உள்ள சீட்டு நனஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும். காலைல ஆறர மணிக்கு அந்தாளு குடயப் புடிச்சிகினு வந்து நிப்பாரு."

நைனா மேசையைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். டிரைவரும் ஹாரன் அடிக்கவில்லை. இருவரும் கோபக்காரர்கள் அல்ல; விட்டுக்கொடுக்கவும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னிடம் விடை இருந்தது.

"நைனா, எடம் கீது. எட்டடில மேசைக்கு ரெண்டடி போனா மீதி ஆறடி. வண்டி அஞ்சர. ஆறு அங்குலம் மிச்சம். வலது சொவத்தோட ஒட்டி நிறுத்தினா மேச மேல படாது."

"அப்ப நான் எப்டிடா எறங்கறது?" என்றார் டிரைவர்.

"பின்னாடி கண்ணாடிய தொறந்து வாங்க மாமா."

அவர் சிரித்துவிட்டார். வாசலையும் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்தார். "டேய் கணக்கப்புள்ள, வண்டி இன்னா நண்டா? உள்ள பூந்து பக்கவாட்டுல நடக்கறதுக்கு?"

அதை நான் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "ஆறு அங்குலம் மிச்சம் மாமா" என்று மறுபடியும் சொன்னேன். அவர் நைனாவைப் பார்த்தார்.

"புள்ள அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார் நைனா.

நான் உள்ளே அளந்திருந்தேன். வாசலை அளக்கவில்லை. உள்ளே எட்டடி என்றாலும், இரு தூண்களும் அரையரை அடி எடுத்துக்கொள்வதால் வாசல் ஏழடிதான். வலது தூணில் வாழைக்கன்று வேறு. வலது சுவரோடு ஒட்டி நிற்க வேண்டுமென்றால் கார் அந்தத் தூணுக்குள் புகுந்து வந்தாக வேண்டும். டிரைவர் மெதுவாக, மிக மெதுவாகத்தான் ஓட்டினார். மூக்கை உள்ளே விட்டு வலப்பக்கம் திருப்பினார். முன்பாதி சுவரோடு ஒட்டிக்கொண்டது. பின்பாதி தூணில் இடிக்க வந்தது. வாழைக்கன்று முறிந்தது. தூணில் படாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒரு முழம் இடப்பக்கம் ஒடித்தார். இடது மட்கார்டு மேசைக் காலைத் தொட்டது. மடங்குவதற்காகவே செய்த கால், செய்தபடியே மடங்கியது.

அறுபத்து நான்கும் விழுந்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. ஹெட்லைட் கண்ணாடி உடைந்தது. மட்கார்டில் உள்ளங்கை அளவுக்குக் குழி. குத்துவிளக்கு எண்ணெயோடு உருண்டபோது நைனா வெறுங்காலால் திரியை மிதித்து அணைத்தார். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, தன் பக்கம் இறங்க வழியில்லாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போச்சி அண்ணாத்த" என்றார்.

டிரைவர் பின்சீட்டைத் தாண்டி இறங்கியதும், வெளிச்சம் போவதற்குள் அவரும் நைனாவுமாகக் காரைப் பின்னால் தள்ளி, மேசையை இறக்கிவிட்டு, கருவிகளைக் காலால் கூட நகர்த்தாமல், அவை கிடந்த இடத்தின்மேலேயே காரை உருட்டி நிறுத்தினார்கள். எந்தச் சக்கரமும் எந்தக் கருவியின் மேலும் ஏறாதபடி நைனா குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் விஜயதசமி. வானம் வெளுத்திருந்தது. ஐந்தே முக்காலுக்கே நைனாவும் நானும் போய்விட்டோம். டிரைவர் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் குந்தியிருந்தார். நைனா தரையிலேயே கற்பூரம் ஏற்றி, காருக்கு அடியில் படுத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அதனதன் கரிக்கோட்டில் மாட்டினார். நான் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. அப்புறம் இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். டிரைவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். நைனா அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

முதலாளி ஆறரைக்குக் குடையோடு வந்தார். மழை இல்லாவிட்டாலும் குடை வரும். ஹெட்லைட்டைப் பார்த்தார். குழியில் விரலை வைத்துத் தடவினார்.

"யார் பண்ணது இது?"

"தப்பு என்னுது மொதலாளி" என்றார் நைனா. "வண்டி நின்னுகினுதான் இருந்துச்சி. ராத்திரி இந்த மேசயோட கீலு லூசாயி, சாமானோட சரிஞ்சி வண்டி மேல வுயுந்துடுச்சி. தம்பி ஒழுங்காத்தான் நிறுத்திட்டுப் போனான்."

முதலாளி கொஞ்ச நேரம் நைனாவின் முகத்தையே பார்த்தார். கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன், அவர் கத்தவில்லை. "சரி போ. வேணும்னேவா பண்ணே? கண்ணாடிய மாத்திடு, குழியத் தட்டி எடுத்துடு. கீல நல்லா முடுக்கி வை, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

எல்லாம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கீல்களை முடுக்கியது நான். ஒவ்வொன்றுக்கும் ஆறு ஸ்குரூ. நைனா பிடித்துக்கொள்ள, நான் உன்னி உன்னித் திருகியவை. நைனாவின் மேசை தானாக விழுந்தது என்று உலகத்தில் யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். நைனாவே சொன்னதால்தான் அழுகை வந்தது.

"இல்ல மொதலாளி! எங்க மேச தானா வுயாது. கீலு லூசே ஆவல, வேணும்னா பாருங்க. வண்டி வந்து இட்ச்சிதான் வுயுந்துச்சி. நாந்தான் எடம் கீதுன்னு அளவு சொன்னேன். வாசல அளக்க மறந்துட்டேன்."

முதலாளி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போனார். ஒரு கீலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"நிஜமாடா?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் தரையைப் பார்த்தார்.

"பத்து மாசமா உன்ன நம்பித்தானே சாவிய குடுத்து வெச்சிருந்தேன்" என்று நைனாவிடம் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு என் தலையில் கை வைத்து, "இவனாவது உண்மைய பேசறான்" என்றார். காரிலிருந்து ஒரு பொட்டலம் பொரியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்று மதியம் டிரைவர் கார் சாவியைக் கொடுத்துவிட்டுப் படாளத்துக்குப் போனார். அந்த வருஷம் அவர் கரும்பு வெட்டப் போனதாகக் கேள்விப்பட்டோம். எங்களுக்குச் சனிக்கிழமை வரை நேரம் கொடுத்தார்கள். சனிக்கிழமை நைனா சுவரிலிருந்து மேசையைக் கழற்றினார். நான் பால்பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் அவர் முழு பலத்தையும் போட வேண்டியிருந்தது. கடைசி ஸ்குரூ டப்பாவில் விழுந்ததும் சொன்னேன்.

"பாத்தியா நைனா, ஒண்ணு கூட லூசாவல."

"ஆமாண்டா" என்றார் நைனா. "நல்லாத்தான் முடுக்கிக்கீற."

அதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முதலாளி சொன்னதைவிட இது எனக்குப் பெரிதாக இருந்தது. வீடுவரை தகரப் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, கனம் தெரியாமல் நடந்தேன். நைனா ஏன் வழியில் இரண்டு முறை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு விளங்கவில்லை. கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அந்த மேசையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு, சாகும்வரை, ஒரு சொல் பேசவில்லை.

நவம்பர் முதல் தேதி நைனா மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் தண்ணீர் மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். காலை ஐந்துக்கு மோட்டாரைப் போட்டு இரவு பத்துக்கு நிறுத்த வேண்டும் என்பதால் அங்கேயே தங்கல். செவ்வாய்க்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது அவர் கடைசி பஸ்ஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார். உப்புக்காற்றில் அவருடைய சட்டைப் பொத்தான் துளைகள்கூட விறைத்திருக்கும். இப்படி ஆறு வருஷம், 1974 அக்டோபர் கடைசி வரை. அவர் வந்த நாட்களை அம்மா நாட்காட்டியில் புள்ளி வைத்து வைத்திருந்தாள். அந்த அட்டைகள் ஏழும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஆறு வருஷத்துக்கு இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொரு நாள். செவ்வாய்க்கிழமைகள் முந்நூற்றுப் பதின்மூன்று. அவற்றில் மழையாலும் காய்ச்சலாலும் அவர் வர முடியாதவை பதினொன்று. மீதியைக் கழித்துப் பார்த்தேன். திரும்பவும் கழித்துப் பார்த்தேன். நைனா வீட்டில் இல்லாத நாட்கள், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது.